ஹோமில் விடாமல் வேறு வழி

மரக்காணம் பக்கத்து மீனவ ஊரான எக்கியார்குப்பத்தில் மனநோய் உள்ள மகளோடு வயதான ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “எனக்கப்புறம் இவளை யாரு பாப்பா?” என்று அவர் கேட்டால், ஊர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “பேசாம ஹோம்ல சேர்த்துடு.” டீயைக் குடித்துக்கொண்டே இந்தப் பதிலைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

ஹோம் என்றால் பாதுகாப்பு என்று நம்புகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் அனுமதியில்லாமல் நடந்த ஆசிரமத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். எல்லா இல்லங்களும் இப்படியில்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்காத இடத்தில் என்ன நடந்தாலும் வெளியே தெரிவதில்லை.

“அப்போ அந்த அம்மாவே சாகிற வரைக்கும் சுமக்கணுமா?” என்று கேட்பீர்கள். எல்லாரும் இடறுவது இங்கேதான். ஒன்று ஹோம், இல்லாவிட்டால் அம்மா. மூன்றாவது வழி நம் கண்ணில் படுவதில்லை. உதவி ஒரு பெரிய கட்டடத்துக்குள் மட்டுமே கிடைக்கும் என்று நாமாக முடிச்சுப் போட்டுவிட்டோம்.

அந்த முடிச்சைச் சென்னையின் ‘தி பான்யன்’ அமைப்பு 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில் அவிழ்த்தது. திரும்பிப் போகக் குடும்பம் இல்லாமல் காப்பகத்திலேயே தங்கிவிட்டவர்களில் நாலைந்து பேருக்குச் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. கூடமாட உதவப் பயிற்சி பெற்ற ஒருவர். முழுசாகக் குணமான பிறகு வீடு என்பதில்லை. மாத்திரை, மருத்துவர் எல்லாம் தொடர்கின்றன. இன்றைக்கு என்ன குழம்பு, எத்தனை மணிக்குத் தூக்கம் என்பதை மட்டும் மணியடித்து யாரும் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

துணையோடு வாழ்ந்தால் அது சொந்த வாழ்க்கை ஆகுமா? ஃபைபர் படகை நாலு பேர் தள்ளித்தான் கடலில் இறக்குகிறார்கள். அதற்காகப் படகுக்காரரைக் கையாலாகாதவர் என்று குப்பத்தில் யாரும் சொல்வதில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான். மனநோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஐந்தாவது பிரிவில், ஊரோடு வாழும் உரிமையைத் தருகிறது; இன்ன இடத்தில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதிருக்க அரசு முயல வேண்டும் என்கிறது.

எக்கியார்குப்பத்துக்கு இது வர என்ன வேண்டும்? வாடகைக்கு ஒரு வீடு, சம்பளத்துக்கு உள்ளூர்ப் பெண் ஒருவர், மாத்திரை தீரும் முன் மரக்காணம் போய்வர ஏற்பாடு. ஆள்கூடக் கிடைத்துவிடுவார். மனநோயாளிகள் என்று தெரிந்த பிறகும் சாவியைக் கொடுக்கிற வீட்டுக்காரரைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும்.