உதடுதான் சீவாளி

முகூர்த்தத்துக்கு முந்தைய மாலையில் கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்யாண மண்டபங்களைக் கடந்து போகிறவர்களுக்கு பேண்டு வாத்தியம் புதிதல்ல. லாரி ஹாரன், ஜெனரேட்டர், மின்சார ரயில் எல்லாவற்றையும் மீறி அதில் ஒரு குரல் மட்டும் தனித்து எழும். அதுதான் டிரம்பெட். மைக் வைக்காமலே அந்தக் குரல் தெருமுனை வரை கேட்கும்.

நாதஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் மோதும் காற்றே நாதமாகிறது. டிரம்பெட்டில் துடிக்க வேண்டியது வாசிப்பவரின் உதடுதான். சிறு கிண்ணம் போன்ற மவுத்பீஸில் உதடுகளை மூடிப் பொருத்தி, அவற்றைப் பிளந்துகொண்டு போகும்படி காற்றைத் தள்ளுகிறார். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வேண்டுமென்றால் உதடு வினாடிக்கு 440 முறை திறந்து மூட வேண்டும். அந்தத் துடிப்பு அலையாகக் குழாயில் ஓடி, விரிந்த வாயை எட்டுகிறது. ஒரு பங்கு வெளியேறி நம் காதுக்கு வருகிறது. மிச்சம் திரும்பி வந்து உதட்டைத் தட்டி, அடுத்த துடிப்புக்குத் தாளம் போடுகிறது. குழாயின் நீளத்தோடு ஒத்துப்போகிற ஸ்வரம் மட்டுமே இதனால் நிலைத்து நிற்கும்.

பொத்தான் இல்லாத வெறுங்குழாயில் உதட்டை இறுக்கிக்கொண்டே போனால் ஸ்வரம் படிப்படியாக ஏறாது, தாவும். ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்றுதான் போகும். ராணுவ பியூகிளில் கேட்பது இந்த ஸ்வரங்களைத்தான். நம் கோயில் எக்காளம், கொம்பு, திருச்சின்னம் எல்லாம் இதே குடும்பம். திருச்சின்னத்தில் இரண்டு குழல்களை ஒருவரே ஒருசேர வாயில் வைத்து ஊதுவார். பெருமாள் புறப்பாட்டை ஊருக்கு அறிவிக்கும் அந்த வாத்தியத்தின் பெயரிலேயே வேதாந்த தேசிகர் காஞ்சி வரதனைப் பாடினார். அந்த நூல் 'திருச்சின்னமாலை'. திருஞானசம்பந்தருக்கு முத்துச் சிவிகையோடும் குடையோடும் சின்னமும் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலும் இரண்டு எக்காளங்கள் கிடைத்தன. 3,300 ஆண்டுப் பழமையான அவற்றை 1939இல் பிபிசி வானொலிக்காக ஊதியும் காட்டினார்கள். அறிவிப்புக்கும் போருக்கும் வழிபாட்டுக்கும் தாவல் ஸ்வரங்களே போதுமாக இருந்தன. பாட்டுக்கு அவை போதவில்லை.

ஜெர்மனியில் ஹைன்ரிக் ஸ்டோல்சல், ஃப்ரீட்ரிக் புளூமல் இருவரும் 1818இல் காப்புரிமை பெற்ற வால்வுதான் இந்தக் குறையைத் தீர்த்தது. இன்று நாம் காணும் பிஸ்டனின் வடிவம் பாரிஸின் ஃபிரான்சுவா பெரினே 1839 வாக்கில் கொடுத்தது. பிஸ்டனை அழுத்தினால் காற்று பக்கத்துக் குழாயைச் சுற்றிக்கொண்டு வரும். குழாய் நீளும், ஸ்வரம் இறங்கும். சாதாரண டிரம்பெட்டின் குழாயை நிமிர்த்தினால் சுமார் 148 செ.மீ. நடு பிஸ்டன் அதோடு ஏறக்குறைய 9 செ.மீ. சேர்த்து அரை ஸ்வரம் இறக்கும். முதல் பிஸ்டன் 18 செ.மீ. சேர்த்து ஒரு ஸ்வரம், மூன்றாவது 28 செ.மீ. சேர்த்து ஒன்றரை ஸ்வரம். பஞ்சமத்துக்கும் கீழ் ஸட்ஜத்துக்கும் நடுவே ஆறு ஸ்வரஸ்தானங்கள். மூன்று பிஸ்டன்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் கிடைப்பதும் சரியாக ஆறு படிகள்! நான்காவது பிஸ்டன் தேவைப்படாததன் காரணம் இதுதான். இந்தக் கணக்கின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் கூடுவது 55 செ.மீ.; ஆறு அரை ஸ்வரம் இறங்க 61 செ.மீ. வேண்டும். ஸ்வரம் கொஞ்சம் தூக்கலாக ஒலிக்கும். அடுத்த முறை பேண்டுக்காரரின் இடது கையைப் பாருங்கள். மூன்றாம் பிஸ்டனின் குழாயில் ஒரு வளையம் இருக்கும். அதில் மோதிர விரலை நுழைத்துக் குழாயை வெளியே தள்ளி அந்தக் குறையை ஈடுகட்டுவார். சுருதி விலகுவதைக் காது சொல்ல வேண்டும், விரல் உடனே கேட்க வேண்டும். கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கவனிக்காத வித்தை இது.

கர்நாடக இசையின் கமகம் இதில் எளிதல்ல. பிஸ்டனைப் பாதி மட்டும் அழுத்தியும் உதட்டைத் தளர்த்தியும் ஓரளவு இழைய வைக்கலாம். சென்னைக் கோட்டை ஆங்கிலேய பேண்டைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி. நோட்டு ஸ்வரம் என்று நாம் பாடுகிற அவை சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், கமகம் இல்லாமல் நேராக நடப்பவை. டிரம்பெட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். வாத்தியங்களையும் பிறகு நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். மீரட்டில் நாதிர் அலி கம்பெனி தொடங்கியது 1885இல்.

இனி, ஊர்வலத்துக்கு பேண்டு அமர்த்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சீவாளி தேய்ந்தால் நாதஸ்வர வித்வான் வேறொன்றை மாட்டிக்கொள்வார். டிரம்பெட்காரர் உதட்டை மாற்ற முடியாது. இடைவிடாமல் ஊதினால் உதடு தடித்து, முதலில் மேல்ஸ்தாயி போய்விடும். அப்போது "இன்னும் சத்தமா ஊதுங்க அண்ணே" என்று விரட்டாதீர்கள். நாலு பாட்டுக்கு ஒருமுறை தவிலுக்கோ டிரம்ஸுக்கோ இடம் விட்டு, அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள்.