காத்திருப்பு வட்டமானால்

ஒரு வங்கி தன் கன்னியாகுமரி மாவட்டக் கணக்குகளை நாகர்கோவில், தக்கலை, குழித்துறை என மூன்று ஊர்க் கணினிகளில் பிரித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். பணம் அனுப்பும்போது முதலில் அனுப்புபவர் கணக்கும், பிறகு பெறுபவர் கணக்கும் பூட்டப்படும். இல்லாவிட்டால் இரண்டு பரிவர்த்தனைகள் ஒரே நேரத்தில் புகுந்து இருப்புத்தொகையைக் குழப்பிவிடும்.

நாகர்கோவில்காரர் தக்கலைக்காரருக்கும், தக்கலைக்காரர் குழித்துறைக்காரருக்கும், குழித்துறைக்காரர் நாகர்கோவில்காரருக்கும் ஒரே நொடியில் பணம் அனுப்புகிறார்கள். மூன்று கணக்குகளும் பூட்டப்பட்டுவிட்டன. ஒவ்வொரு பரிவர்த்தனையும் அடுத்த பூட்டு திறக்கக் காத்திருக்கிறது, எதுவும் திறக்காது. இதுதான் டெட்லாக்.

எல்லாம் ஒரே கணினியில் இருந்தால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று வரைந்து வட்டத்தைப் பிடித்துவிடலாம். இங்கே தக்கலைக் கணினிக்குத் தன்னிடம் உள்ள பூட்டுகள் மட்டுமே தெரியும். எல்லாத் தகவலையும் ஓரிடத்தில் சேர்க்கலாம் என்றால், செய்தி போய்ச் சேர்வதற்குள் ஒரு பூட்டு திறந்திருக்கலாம்; இல்லாத வட்டம் இருப்பதாகத் தோன்றும்.

1983இல் மணி சாண்டி, ஜெயதேவ் மிஸ்ரா, லாரா ஹாஸ் மூவரும் இதற்கொரு வழி சொன்னார்கள். சாண்டி சென்னை ஐஐடியில் படித்தவர். அவர்கள் முறையில், காத்திருக்கும் பரிவர்த்தனை தன் அடையாளத்தோடு ஒரு சிறு செய்தியை, தன்னைத் தடுத்து நிற்கும் பரிவர்த்தனைக்கு அனுப்பும். அதுவும் காத்திருந்தால் தன்னைத் தடுக்கும் பரிவர்த்தனைக்குக் கடத்திவிடும். ஓடிக்கொண்டிருந்தால் செய்தியை அங்கேயே விட்டுவிடும். தொடங்கிய இடத்துக்கே செய்தி திரும்பினால் வட்டம் உறுதி. முழுப் படம் யாரிடமும் இருக்க வேண்டியதில்லை.

வட்டம் உறுதியான பிறகு அதிலுள்ள ஒரு பரிவர்த்தனையை ரத்து செய்து, அதன் பூட்டை விடுவித்து, மறுபடி தொடங்க வைக்க வேண்டும். ஒன்றே திரும்பத் திரும்ப ரத்தானால் அந்த வாடிக்கையாளரின் பணம் போய்ச் சேராது. அதனால், முன்பே தொடங்கியதற்கு முன்னுரிமை தரும் விதிகள் உண்டு.

குறித்த நேரத்துக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் விலகிவிடச் சொல்வது இன்னும் எளிய வழி. கெடு குறைவாக இருந்தால் நெட்வொர்க்கின் சாதாரணத் தாமதமும் டெட்லாக் என்று தவறாகக் கருதப்படும். அதிகமாக இருந்தால் வாடிக்கையாளர் வெறுமனே காத்துக் கிடப்பார்.

தேவைப்படும் கணக்குகள் முன்கூட்டியே தெரியுமானால், டெட்லாக் வராமலே தடுக்கலாம்: யார் அனுப்பினாலும் சிறிய கணக்கு எண்ணைத்தான் முதலில் பூட்ட வேண்டும். நாகர்கோவில்காரரின் எண் 101, தக்கலைக்காரருடையது 202, குழித்துறைக்காரருடையது 303 என்றால், குழித்துறைக்காரரின் பரிவர்த்தனையும் 101ஐத்தான் முதலில் கேட்கும். அது கிடைக்கும்வரை 303ஐப் பூட்டாது. 101ஐ நாகர்கோவில்காரருடையது முந்திப் பூட்டியிருந்தால், தக்கலைக்காரரின் பணம் தடையில்லாமல் குழித்துறைக்குப் போகும். பிறகு நாகர்கோவில்காரருடையது நகரும். கடைசியில் குழித்துறைக்காரரின் முறை வரும்.