நூலகத்தின் நண்பர்கள் யார்?

பொது நூலகத்தை அரசு தரும் கொடையாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உள்ளது. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் செலுத்த வேண்டும். ஆகவே, காலனியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் குடும்பமும் ஊர் நூலகத்தை நடத்துகிறது.

இந்த நூலகங்களுக்குத் துணை நிற்பவையே வாசகர் வட்டங்கள். கூட்டம் நடத்துதல், புரவலர்களைச் சேர்த்தல், நூல் திரட்டுதல், இடமும் தளவாடமும் பெற்றுத் தருதல் என அவற்றின் பணி விரிகிறது. 2022இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நேரில் வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீடு தேடி நூல்களைக் கொண்டு செல்கின்றனர்.

இங்கேதான் சாதி நுழைகிறது. வட்டத்தின் பொறுப்பாளர்கள் அனைவரும் ஊர்த்தெருவினராக இருந்தால், எந்த நூல் வாங்கப்பட வேண்டும், யாருக்கு விழா எடுக்க வேண்டும், வீடு தேடிச் செல்லும் நூல் எந்தத் தெருவோடு நிற்கும் என்பனவும் அங்கேயே முடிவாகிவிடும். அம்பேத்கரின் நூல்கள் அலமாரியில் இல்லாததற்கு எவரும் தடை விதித்திருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாதிருந்தாலே போதும்.

சட்டம் தரும் பிடி

பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் இடங்கள் அனைவருக்கும் உரியவை என்ற கோட்பாட்டை நிலைநாட்டவே 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கினார். அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு அக்கோட்பாட்டை அடிப்படை உரிமையாக்கியது. தலித் என்பதற்காக ஒருவரைப் பொது இடத்தினுள் நுழையவிடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். வட்டத்தில் சேர்க்க மறுப்பது சற்று வேறான சிக்கல். அதற்கு முதற்படியாக, உறுப்பினராகச் சேர எழுத்து வடிவில் விண்ணப்பித்து, மறுப்பையும் எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் மாவட்ட நூலக அலுவலரிடம் முறையிட வேண்டும்.

நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலுத்தப்பட்டது, நிலுவை எவ்வளவு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சியிடம் கேட்கலாம். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்டுப் பூட்டிக் கிடக்கும் நூலகங்கள் ஊராட்சியின் பொறுப்பு. அவற்றைத் திறக்கக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தன்னார்வலர் நூலகருக்கு மாற்று அல்லர். காலிப் பணியிடத்தை நண்பர்களின் உழைப்பால் நிரப்பினால், அரசு தன் கடமையிலிருந்து நழுவ நாமே வழிவிட்டவர்களாவோம். நன்கொடையாகப் பத்து நூல்கள் தருவது நல்லது. செலுத்தப்படாத வரி நிலுவையைக் கேட்டுப் பெறுவது நூலகத்தையே வாழவைக்கும். கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊர் வாசகர் வட்டத்தில் இன்றே பெயரைப் பதிவு செய்யட்டும். வட்டம் இல்லாத ஊரில் அதைத் தொடங்கும் முன்முயற்சி காலனியிலிருந்தே புறப்படட்டும்.