வேன் நிற்கும் இடத்தில்தான் வியாபாரம்
பாசிக்குடா முதல் அறுகம்பை வரை ஒரு கணக்குப் பார்வை

பெருநாள் லீவு வந்துவிட்டால் அக்குறணை, மாவனல்லை, கொழும்பு எங்கும் "இம்முறை ட்ரிப் எங்கே?" என்பதுதான் பேச்சு. நுவரெலியா அலுத்துப் போனவர்கள் வேனைக் கிழக்குக்குத் திருப்புகிறார்கள். மூத்தம்மா முதல் கைக்குழந்தை வரை ஒரு வேனில் பன்னிரண்டு பேர். பின்னால் அரிசிப் பை, கேஸ் அடுப்பு, பெரிய சட்டி, பாய், தண்ணீர்க் கேன்.

வியாபாரிகள் அந்தச் சட்டியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று முஸ்லிம் ஊர்கள் வரிசையாக இருக்கும் கரையோரத்துக்கு வருகிற முஸ்லிம் குடும்பம், ஏன் சட்டியோடு புறப்பட வேண்டும்? ஹலால் சாப்பாடு கிடைக்காது என்ற பயம் இங்கே யாருக்கும் இருக்க நியாயமில்லை. காசு மிச்சம் பிடிப்பது ஒரு காரணம்தான். ஆனால் பெண்களோடும் பிள்ளைகளோடும் ஒரு மணித்தியாலம் நிம்மதியாக இறங்கி இருக்க இடமில்லை என்பதே பெரிய காரணம்.

பயணத்தைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம். இஷாவுக்குப் பின் மலைநாட்டில் புறப்படும் வேன், ஹபரணை, பொலன்னறுவை வழியாக சுபஹ் நேரத்தில் ஓட்டமாவடியை அடைகிறது. ரயிலும் வாகனங்களும் ஒரே பாலத்தை மாறி மாறிப் பாவித்த காலம் போய், இப்போது வாகனங்களுக்குத் தனிப் பாலம் இருக்கிறது. தொழுகை முடிந்து பாசிக்குடா. அலை குறைந்த, வெகுதூரம் ஆழமில்லாத கடல். சிறு பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான இடம் இந்தக் கரையில் இல்லை. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு அங்கே பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. அவை நம்மவர் வேனுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கடலில் நனைந்த பெண்பிள்ளை உடை மாற்ற ஒரு மறைவும், நல்ல தண்ணீரில் குளிக்க ஒரு குழாயும் கட்டணத்துக்குக் கிடைக்குமென்றால் எந்த வாப்பாவும் பேரம் பேச மாட்டார்.

பகல் பதினொன்றரைக்கு வேன் மட்டக்களப்பைத் தாண்டி கல்முனைப் பாதையில் இறங்குகிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஏறத்தாழ 110 கிலோமீற்றர். இந்த இடத்தில்தான் லுஹர் வருகிறது. பிரயாணிகள் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொள்வார்கள் என்பதால் குடும்பத்துக்கு ஒரே ஒரு நீண்ட தரிப்பு. எங்கே தொழுகிறார்களோ அங்கேயே சாப்பிடுவார்கள், மருந்து வாங்குவார்கள், போனுக்கு காட் போடுவார்கள். ஆண்களுக்குப் பிரச்சினையில்லை, வழியெல்லாம் பள்ளிவாசல்தான். பெண்கள் வேனுக்குள்ளேயே இருந்து விசிறிக்கொள்கிறார்கள். பெண்களுக்கென்று மலசலகூடமும் ஒழுச் செய்யும் இடமும் தொழும் அறையும் உள்ள ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க சாரதி இரண்டு மூன்று ஊரைத் தாண்டிப் போகிறார். தாண்டப்பட்ட ஊர்களின் கடைக்காரர்களுக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்பதே தெரியாது.

வெள்ளிக்கிழமையென்றால் நிலைமை இன்னும் மோசம். ஜும்ஆவுக்குக் கடைகள் அடைக்கப்படுவது நமது ஒழுங்கு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடைத்த கடையின் முன்னால் ஒரு நிழற்கூடாரம், நாலு கதிரை, ஒரு தண்ணீர்ப் பானை வைத்தால் தொழுகை முடிந்து கடை திறக்கும்போது வாடிக்கையாளர் வாசலிலேயே இருப்பார். இதற்கு என்ன பெரிய முதலீடு தேவை?

சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு வார்த்தை. குடும்ப அறை என்று பலகை போட்டுவிட்டு, கோதுமை மா மூடைகளை அடுக்கிவைத்த அறையைத் திறந்து காட்டுவது நல்லதல்ல. பன்னிரண்டு பேருக்கு மூன்று சஹன் போதும். திரைச்சீலையும் பாயும் இருந்தால் மூத்தம்மாவும் இருந்து சாப்பிடுவார். விலை விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விலைகளைக் காட்சிப்படுத்துவது வியாபாரியின் கடமை. வெளியூர் இலக்கத் தகட்டைப் பார்த்து இளநீருக்கு ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை என்பது சட்டத்துக்கும் ஆகாது, மார்க்கத்துக்கும் ஆகாது. ஒரு குடும்பம் ஏமாந்தால் அக்குறணையில் ஒரு தெருவே அந்த ஊரில் வேனை நிறுத்தாது.

மருதமுனையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. கைத்தறிச் சாரனும் சாரியும் அந்த ஊரின் முகவரி. 2004 சுனாமி இந்தக் கரையை அள்ளிக்கொண்டு போன பிறகும் தறிச் சத்தம் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் பிரதான வீதியால் போகிற வேனில் இருப்பவர்களுக்கு உள்ளே தறி ஓடுகிறதென்று யார் சொல்வது? வீதியோரத்தில் ஒரு தறியை வைத்து, பிள்ளைகளை ஓரிரு தரம் மிதிக்க விட்டால் போதும். தான் மிதித்த தறியின் துணியை வாங்காமல் எந்தப் பிள்ளையும் உம்மாவை நகர விடாது. கோமாரிக்குக் கிட்ட சங்கமன்கண்டி முனை இருக்கிறது, இலங்கையின் ஆகக் கிழக்கான இடம் அதுதான். அங்கே நின்று படம் எடுக்க ஆசைப்படாத இளைஞன் உண்டா? பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்கு விளம்பரமே தேவையில்லை.

மாலையில் அறுகம்பை. அலைச்சறுக்குக்கு உலகம் அறிந்த இடம். பெரிய அலை பழகியவர்களுக்கு; புதியவர்களுக்குக் கரையோரத்தில் சிறிய அலை உள்ள பகுதி உண்டு. பொத்துவில் இளைஞர்கள் பலகை வாடகைக்குக் கொடுத்துப் பழக்கியும் விடுகிறார்கள். நம் குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமானது பொத்துவில் களப்பில் தோணிப் பயணம். கண்டல் மரங்களுக்கு நடுவே துடுப்பால் மெதுவாகப் போகும்போது முதலையும் பறவைகளும் தெரியும், சிலவேளை கரையில் யானையும் நிற்கும். மறுநாள் பாணமை, உகந்தை வழியாக குமண சரணாலயம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோணியில் ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும், அதுவும் பிள்ளையின் அளவில். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். "களப்புத்தானே, ஆழமில்லை" என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். இன்னும் இரண்டு பேரை ஏற்றினால் கிடைக்கும் காசு ஒரு நாளைக்கு. ஏதும் நடந்தால் அந்தத் துறை முழுவதற்கும் சீசன் முடிந்தது.

வெளிநாட்டாரை மட்டும் நம்பிக் கடை போட்டவர்கள் 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னும், 2020இல் கொரோனாவிலும் கையைப் பிசைந்தார்கள். 2022இல் எரிபொருள் வரிசை எல்லோரையுமே முடக்கியது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகத்தின் எச்சரிக்கை அறுகம்பையை மீண்டும் உலுக்கியது. தூதரக எச்சரிக்கையால் அக்குறணை வேனின் லீவு ரத்தாவதில்லை. வருமானம் சிறிதென்றாலும் அது திரும்பி வருகிற வாடிக்கை.

கலண்டரையும் எடுத்துப் பாருங்கள். கிழக்குக் கடல் சித்திரையிலிருந்து செப்டெம்பர் வரை குடும்பங்களுக்குத் தோதானது. 2026, 2027, 2028 மூன்று வருடங்களிலும் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் வருகிறது, பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின்னாகலாம். அதாவது சீசனின் வாசலிலேயே பெருநாள் லீவு. நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் பின்வாங்கி, இன்னும் சில வருடங்களில் மழைக்காலத்துக்குள் போய்விடும். ஆகவே தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம், குடும்ப அறை என்று செலவு செய்ய நினைப்பவர் மார்ச் முடியுமுன் வேலையை முடித்துவிட வேண்டும்.

மழைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தக் கரையில் சுற்றுலா வியாபாரம் படுத்துவிடும். அதனால்தான் வட்டிக்கு எடுத்து, வருட வாடகைக்குக் கட்டடம் பிடித்து இறங்குவது ஆபத்து. காணி ஒருவருடையது, சமையல் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது என்று இலாபத்தில் பங்கு பேசிக்கொண்டு தொடங்கலாம். மழை விட்டதும் பெரும்போக அறுவடை வரும். அப்போது காசு புழங்குவது வயற்காரர் கையில். சீசனில் வேன்காரருக்குச் சஹன் வைத்த கடை, அறுவடைக் காலத்தில் வயலுக்குச் சாப்பாட்டுப் பார்சல் அனுப்பலாம்.