அனுமதியில்லா வாய்க்கால்

கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தைத் தழுவி கே. பாலசந்தர் இயக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ (1981), கரிசல் சீமையின் அத்திப்பட்டி என்னும் கற்பனைச் சிற்றூர் குடிநீருக்குப் படும் பாட்டைக் கூறும் திரைப்படமாயினும், வறட்சியின் பழியை வானத்தின்மேல் மட்டும் சுமத்திவிட்டு அது அமைதி கொள்வதில்லை.

கரிசல் என்பது கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரங்களில் பரந்துகிடக்கும் கறுத்த களிமண் நிலமாகும். ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் இயல்பினால் இம்மண்ணில் பருத்தியும் கம்பும் மானாவாரியாக, அதாவது மழையை மட்டுமே நம்பி, விளைகின்றன. ஆனால் கிணற்றுநீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், குடிப்பதற்கு மழைநீரைத் தேக்கிவைக்கும் ஊருணியையே மக்கள் நம்பியிருந்தனர். ஊருணி வற்றினால் குடத்தைச் சுமந்து நெடுந்தொலைவு நடக்கும் பொறுப்பு பெண்களின் தலையில் விழுந்தது. அந்தச் சுமையின் சினத்தையும் சோர்வையும் படத்தில் செவ்வந்தியாக நடித்த சரிதா தம் உடல்மொழியிலேயே உணர்த்திவிடுகிறார்.

சட்டத்திற்கு அஞ்சி ஓடிவந்த வெள்ளைச்சாமி, தனக்கு அடைக்கலம் தந்த ஊருக்குத் தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து மாட்டுவண்டியில் நீர் கொணர்கிறான். மனுக்களுக்கும் வாக்குறுதிகளுக்கும் பயனில்லாமற்போகவே தேர்தலைப் புறக்கணிக்கும் மக்கள், தாமே வாய்க்கால் வெட்டவும் துணிகின்றனர். படத்தின் உயிர்நிலை இங்குதான் உள்ளது: தண்ணீர் தர வராத அரசு இயந்திரம், மக்கள் தம் உழைப்பால் தண்ணீர் கொணர முற்படும்போது, முறையான அனுமதி இல்லை என்று தடுக்க வந்துவிடுகிறது.

இத்தடையின் கொடுமையை உணர, குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தை நினைவிற்கொள்ள வேண்டும். ஏரி, கால்வாய் போன்றவற்றின் சிறு பழுதுகளை ஊரார் கூடித் தம் உழைப்பால் சீர்செய்யும் அவ்வழக்கத்தை, ஆங்கிலேய ஆட்சியே 1858-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாகக் கட்டாயக் கடமையாக்கியது. முன்பு உழைக்க மறுப்போர் சட்டப்படி தண்டனைக்குரியோராயினர்; அத்திப்பட்டியிலோ உழைக்க வந்தோர் குற்றவாளிகளாகின்றனர். புறக்கணிப்பு என்பது அரசு இல்லாத நிலை அன்று, வேண்டாத இடத்தில் மட்டும் முழு வலிமையுடன் தோன்றும் நிலையே என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய தமிழ்ப்படங்கள் மிகச் சிலவே.

படத்தில் குறைகளும் உண்டு. மேடையிலிருந்து வந்த உரையாடல்கள் சில இடங்களில் காட்சியை முந்திக்கொண்டு கருத்தைக் கூறிவிடுகின்றன. அதனினும் பெரிய குறை, ஊரை ஒரே குரலுடைய சமூகமாகக் கொண்டதாகும். கரிசல் ஊர்களில் எந்தக் கிணற்றில் எவர் நீர் இறைக்கலாம் என்பதைச் சாதியே நெடுங்காலம் வகுத்துவந்த நிலையில், அதிகாரிகளை நோக்கி எழுப்பிய கேள்வியின் கூர்மையை ஊருக்குள்ளே நிலவிய அந்தத் தடையை நோக்கியும் படம் திருப்பியிருக்க வேண்டும்.