சுட்ட மண்ணும் முருகைக் கல்லும்



மட்டக்களப்பிலிருந்து வடக்கே வாகரை நோக்கிச் செல்வோர் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தே செல்லுதல் வேண்டும். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். அதற்குத் தெற்கே காயான்கேணியிலும், மேலும் தெற்கே பாசிக்குடா, கல்குடாவிலும் முருகைக் கற்பாறைகள் உள்ளன. நம் கரையோர மக்கள் நெடுங்காலம் முருகைக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டினர். பாறை குறையக் குறைய அலையின் வேகம் கரையை அரித்தது. எனவே 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, முருகைக் கல் அகழ்தல் தடை செய்யப்பட்டது.

சூளைக்கு மட்டுமன்றி, கண்ணாடித் தொட்டியிற் கடல்மீன் வளர்ப்போருக்கும் இக்கல் வேண்டியதாயிற்று. யகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியைப் பேணலாம் என 1961இல் எழுதினார். அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது.

கல் எவ்வாறு நீரைத் தூய்மையாக்கும்? மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியா என்னும் நஞ்சாகின்றன. கல்லின் மேற்பரப்பில் வாழும் பற்றீரியாக்கள், நீரிலுள்ள ஒட்சிசனின் துணைகொண்டு, அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. கல்லின் உட்புறத் துளைகளில் ஒட்சிசன் மிகக் குறைவு. அங்கே வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆகவே தொட்டிக்கு உதவுவது கல்லின் உயர்வன்று, கல்லின் துளைகளே.

துளைகளே வேண்டுமாயின், அவற்றை மனிதன் செய்துகொள்ளலாமன்றோ? களிமண்ணோடு எரிந்து போகும் பொருளைக் கலந்து சூளையிற் சுட்டால், அப்பொருள் எரிந்த இடமெல்லாம் நுண்டுளையாகும். இவ்வாறு செய்த செராமிக் கற்கள் இன்று விற்பனைக்கு உள்ளன. இவை உப்பு நீரிற் கரைவதில்லை; தொட்டிக்கு ஒவ்வாத புழுக்களையும் நண்டுகளையும் உடன் கொணர்வதுமில்லை.

ஆயினும் பொறுமை வேண்டும். புதிய சுட்டகல் உயிரற்றது. அதனை நன்னீரிற் கழுவித் தூசி போக்கி, நீரோட்டம் சுற்றிவர இடம்விட்டு அடுக்குக. பழைய தொட்டியொன்றிலிருந்து சிறிது மணலோ சிறு கல்லோ இட்டால் பற்றீரியா விரைவிற் குடியேறும். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனச் சோதித்தறிந்த பின்னரே மீனை விடுதல் வேண்டும்; அவசரப்பட்டால் மீன் மடியும். மெருகிட்ட ஓடுகளையும் பாண்டத் துண்டுகளையும் இடற்க. மெருகு துளையை அடைக்கும். அதிலுள்ள செப்போ ஈயமோ நீரிற் கசிந்தால் முருகை உயிர்களுக்குக் கேடாகும்.

1998இற் கடல்நீர் மிகச் சூடேறியபோது இலங்கையின் ஆழங்குறைந்த முருகைப் பாறைகள் பல வெளிறி மடிந்தன. அவ்வாறு நலிந்த பாறை மீண்டும் வளர்வதற்கு, எஞ்சிய கல்லே புது முருகைக்கு இருப்பிடம். அதனைப் பெயர்த்தெடுப்பது குடியேற வருவோரின் வீட்டைப் பிரிப்பதாகும்.

ஒரு காலத்திற் சூளை நெருப்பு முருகைக் கல்லைத் தின்றது. இன்று அதே நெருப்பு களிமண்ணைச் சுட்டு முருகைக் கல்லைக் காக்கக்கூடும். தொட்டிக்குச் சுட்ட மண் போதும். கடலின் கல் கடலிலேயே கிடக்கட்டும்.