தரைத்தகட்டில் ஓட்டை: மூடுவது வேறு, சரிசெய்வது வேறு

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார் வீட்டில் இருந்தால், ஓட்டுநர் காலடியில் கிடக்கும் மேட்டைத் தூக்கி, அதற்கடியில் உள்ள கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினாலோ, தகடு நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டாலோ துரு உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது. கடற்காற்று படும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் பல பின்னர் கைமாறின. அவற்றின் கார்பெட்டுக்கு அடியில் தங்கிய சேறும் ஈரமும் இருக்கையில் உட்காருபவர் கண்ணுக்குத் தெரியாது.

ஓட்டை விழுந்த வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். ஒன்று, துருப்பிடித்த இடத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. மற்றொன்று, ஃபைபர் துணியும் பட்டியும் அப்பி, மேலே கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து, மாலைக்குள் வண்டியைக் கொடுத்துவிடுவது. இரண்டாவது மலிவு, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் திறந்து கிடக்கும் ஓட்டையைவிட இப்படி மூடிய ஓட்டை ஆபத்தானது என்பேன். பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் சிக்கிக்கொள்ள, துரு மறைவாகப் பரவும். பழுது முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் நாமும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டோம்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. மோதலின் வேகத்தைத் தாங்க வேண்டியது உடல்கூடுதான். தரைத்தகடும் அதில் ஒரு பகுதி. எனவே ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். காலடியின் நடுவில் நாணயம் அளவு ஓட்டை என்றால் நிதானமாகப் பட்டறை தேடலாம். இருக்கை போல்ட், சீட் பெல்ட் பொருத்திய இடம், சஸ்பென்ஷன் ஏறும் இடம், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி விளிம்பு ஆகியவற்றின் அருகில் என்றால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனையில், சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்திய இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு அரித்து வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது. நம் ஊர் வண்டிக்கும் இந்த அளவை வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு ஆபத்து காற்றில் வருவது. சைலன்சர் குழாய் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது. அதில் கசிவும் இருந்து, தகட்டில் ஓட்டையும் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி ஓட, நின்ற வண்டியில் தூங்குவது இதனால்தான் உயிருக்கு ஆபத்து. பயணத்தில் தலைவலி, குமட்டல், காரணமில்லாத மயக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்து, 108-ஐ அழையுங்கள்.

வேலை கொடுக்கும்போது நீரின் வழியைக் கேளுங்கள். ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, முன்கண்ணாடி ரப்பர் கசிகிறதா, கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மூடிவிட்டனவா? இதைக் கண்டுபிடிக்காமல் தகடு மட்டும் மாற்றினால் புதுத் தகடும் அரிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கார்பெட், இருக்கை, தகட்டில் ஒட்டிய தார் விரிப்பு மூன்றையும் அகற்ற வேண்டும். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாத இடத்தில் வண்டியை விடாதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து எழும் புகை வெல்டருக்குக் காய்ச்சலே வரவழைக்கும், ஆகவே காற்றோட்டமில்லாத பட்டறையில் வேலை செய்பவரின் உடலும் நம் கணக்கில் வர வேண்டும். பற்றவைத்த பின் பிரைமர், இணைப்பு விளிம்பில் சீலர், அதன்பிறகே அடிப்பூச்சு. பூச்சு அடிக்கும் முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள், பட்டியில் ஒட்டாது.

காப்பீடு கைகொடுக்கும் என்று நினைக்காதீர்கள். தேய்மானம், பயன்பாட்டால் வரும் சிதைவு ஆகியவற்றை வழக்கமான மோட்டார் பாலிசி விலக்குகிறது. துரு அதில் அடங்கும். வெள்ளத்தில் மூழ்கிய சேதம் வேறு. முழுக் காப்பீடு இருந்தால் அதைக் கோரலாம், ஆனால் உடனே தெரிவிக்க வேண்டும்.

பட்டறைக்காரர் தகடு மாற்றியதாகப் பணம் வாங்கிவிட்டுப் பட்டி அப்பியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. அதனால் என்ன வேலை, எந்த இடம், தகடா பூச்சா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், வெட்டிய நிலையில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிரச்சினை தெரிந்ததும் அவசரப்பட்டு இன்னொரு இடத்தில் சரிசெய்துவிடாதீர்கள், சாட்சியம் அழிந்துவிடும். முதலில் வேறொரு பட்டறையின் எழுத்துக் கருத்தும் படங்களும் வாங்குங்கள். பிறகு பட்டறைக்கு எழுத்தில் நோட்டீஸ், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

பழைய காரை வியாபாரியிடம் வாங்கி, மறைத்த ஓட்டை பின்னால் தெரிந்தாலும் இதே வழிதான். தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக எடுத்துக்கொள்ளாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அது நெடுங்காலம் இழுக்கும். அப்படி வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, டார்ச்சோடு அடியில் நின்று பார்க்க வேண்டும். புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு கண்ணில் பட்டால், அது எதற்கு என்று கேட்க வேண்டும்.